சேர்மங்களுக்குப் பெயர் வைப்பது: எங்கே எண்ண வேண்டும், எங்கே வேண்டாம்

சித்த மருத்துவச் சரக்குகளில் பூரம் என்று ஒன்று உண்டு, வீரம் என்று இன்னொன்று உண்டு. இரண்டிலும் இருப்பவை பாதரசமும் குளோரினும் மட்டும்தான். பூரத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் கலோமெல் என்ற பெயரில் பேதி மருந்தாக வெகுகாலம் கொடுத்துவந்தார்கள். (அதுவும் உடம்புக்கு நல்லதல்ல. பாதரசம் பாதரசம்தான்.) வீரமோ கடும் நஞ்சு. கிருமி கொல்லவும் மரத்தைப் பூச்சி அரிக்காமல் காக்கவும் பயன்பட்டது. பூரம், வீரம் என்ற பெயர்களை வைத்துக்கொண்டு இரண்டும் நெருங்கிய உறவு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கலோமெல் என்ற பெயரும் அதற்கு உதவாது. வேதியியல் புத்தகத்தில் முதலாவது மெர்குரி(1) குளோரைடு, இரண்டாவது மெர்குரி(2) குளோரைடு. இப்போது உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது.

இப்படிப் பெயர் வைக்கும் முறை 1787இல் பாரிசில் உருவானது. கிட்டோன் த மோர்வோ என்ற வழக்கறிஞர்தான் முதலில் கிளப்பிவிட்டவர். லவாய்சியே, பெர்தொலே, ஃபுர்க்ருவா ஆகிய மூவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அதற்கு முன் ஆண்டிமனி வெண்ணெய், ஈயச் சர்க்கரை, விட்ரியால் எண்ணெய் என்றெல்லாம் பெயர்கள் புழங்கின. கேட்டால் சமையலறைச் சாமான் மாதிரி இருக்கும். ஈயச் சர்க்கரை உண்மையிலேயே இனிக்கும், ஆனால் நஞ்சு. பெயரைக் கேட்டதுமே உள்ளே என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும் என்பதுதான் அந்த நால்வரின் எண்ணம். இன்று இந்த விதிகளைப் பராமரிப்பது 1919இல் தொடங்கிய ஐயூபேக் என்ற பன்னாட்டு அமைப்பு.

பள்ளியில் இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரு விதிப் பட்டியலாகத்தான் வருகிறது. கால்சியம் குளோரைடு என்றால் 'டை' போடாதே, கார்பன் டை ஆக்சைடு என்றால் போடு. ஏன் என்று கேட்டால் 'அது அயனி, இது மூலக்கூறு' என்று பதில் வரும். அந்தப் பதில் சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. மீதியைத் தெரிந்துகொண்டால் விதிகளில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. மீதி இதுதான்: நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிந்ததைப் பெயர் சொல்லாது, கண்டுபிடிக்க முடியாததை மட்டும் சொல்லும்.

முதலில் சாப்பாட்டு உப்பு. சோடியம் அணு ஒரு எலக்ட்ரானை இழந்து +1 மின்சுமை உள்ள அயனியாகிறது. குளோரின் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு −1 அயனியாகிறது. எதிரெதிர் மின்சுமைகள் ஈர்க்கும், எனவே கோடானுகோடி அயனிகள் மாறிமாறி அடுக்கி நின்று படிகமாகின்றன. இந்த அடுக்கில் 'ஒரு மூலக்கூறு' என்று தனியாகப் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் மொத்தப் படிகத்தின் மின்சுமை பூச்சியமாக இருந்தாக வேண்டும். அதனால் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்பதைத் தவிர வேறு விகிதத்துக்கு வழியே கிடையாது. கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து +2 ஆகும். ஆகவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரின். இதுவும் முடிவான கணக்கு. அப்புறம் எதற்குப் பெயரில் 'இரண்டு' என்று வேறு சொல்ல வேண்டும்? கால்சியம் குளோரைடு போதும்.

அயனிச் சேர்மத்துக்குப் பெயர் வைக்க, உலோகத்தின் பெயரை மாற்றாமல் முன்னால் வையுங்கள். அலோகத்தின் பெயரில் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு 'ஐடு' சேருங்கள். ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும், குளோரின் குளோரைடு ஆகும், கந்தகம் (சல்பர்) சல்பைடு, நைட்ரஜன் நைட்ரைடு, பாஸ்பரஸ் பாஸ்பைடு. அவ்வளவுதான். பெயரிலிருந்து விகிதத்தைக் கண்டுபிடிக்க மின்சுமைகள் தெரிந்திருக்க வேண்டும். தனிம வரிசை அட்டவணையின் முதல் தொகுதி உலோகங்கள் +1, இரண்டாம் தொகுதி +2, அலுமினியம் +3. ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் நான்கும் −1. ஆக்சிஜனும் கந்தகமும் −2, நைட்ரஜன் −3. இவற்றோடு துத்தநாகம் +2, வெள்ளி +1 என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஆரம்பப் பாடத்துக்குப் போதும்.

அலுமினியம் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். +3ம் −2ம் சமமாக வேண்டும். இரண்டு அலுமினியம் சேர்ந்தால் +6, மூன்று ஆக்சிஜன் சேர்ந்தால் −6. விகிதம் 2:3. எண்களைக் குறுக்காக மாற்றிப் போடுவது என்று ஆசிரியர்கள் சொல்லித்தரும் குறுக்குவழி இதைத்தான் செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. மக்னீசியம் ஆக்சைடில் அப்படி மாற்றிப் போட்டால் 2:2 வரும். அதைச் சுருக்கி 1:1 என்று எழுத வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, இரும்பு என்ன செய்யும்? இரும்பு சில சமயம் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், சில சமயம் மூன்றை. இரும்பு குளோரைடு என்று மட்டும் சொன்னால் எந்தக் குளோரைடு என்று கணக்குப் போட முடியாது. இங்கேதான் பெயர் கூடுதலாக ஒரு தகவலைத் தர வேண்டியிருக்கிறது. 1919இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு யோசனை சொன்னார்: உலோகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் மின்சுமையைப் போட்டுவிடலாம். புத்தகங்களில் அது ரோம எண்ணாக வரும். இங்கே படிக்க எளிதாக இருக்கட்டும் என்று 2, 3 என்றே எழுதுகிறேன். இரும்பு(2) குளோரைடில் இரும்பு ஒன்றுக்கு இரண்டு குளோரின், இரும்பு(3) குளோரைடில் மூன்று. இந்த ஸ்டாக் ஆய்வகத்தில் பாதரச ஆவியைச் சுவாசித்தே உடல்நலம் கெட்டவர். பின்னால் அதன் ஆபத்தைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு உலோக அயனியின் மின்சுமை, அணுக்களின் எண்ணிக்கை அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் இது. இரும்பு(3) ஆக்சைடில் மூன்று இரும்பு கிடையாது. இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும்தான் இருக்கின்றன. வாய்பாட்டை, அதாவது எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீட்டைப் பார்த்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஆக்சிஜன் பக்கமிருந்து வர வேண்டும். ஆக்சிஜன் எப்படியும் −2. மூன்று ஆக்சிஜனுக்கு −6. அதை ஈடுகட்ட இரண்டு இரும்பும் சேர்ந்து +6 தர வேண்டும். ஆளுக்கு +3. ஆகவே இரும்பு(3). துருவில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்த இந்த ஆக்சைடுதான்.

பழைய முறை ஒன்றும் இன்னும் சாகாமல் இருக்கிறது. குறைந்த மின்சுமைக்கு 'அஸ்', கூடிய மின்சுமைக்கு 'இக்'. ஃபெரஸ் என்றால் இரும்பு(2), ஃபெரிக் என்றால் இரும்பு(3). குப்ரஸ் தாமிரம்(1), குப்ரிக் தாமிரம்(2). இந்த முறை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அஸ், இக் என்பவை எந்த எண் என்று சொல்வதில்லை, இரண்டில் எது சின்னது எது பெரியது என்று மட்டுமே சொல்கின்றன. இரும்புக்கு 2, 3. தாமிரத்துக்கு 1, 2. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் தெரியாமல் இருக்க முடியாது. இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ஃபெரஸ் சல்பேட் என்றுதான் அச்சிட்டிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அதே பொருளுக்கு அன்னபேதி என்று பெயர்.

தொடக்கத்தில் சொன்ன மெர்குரி(1) இதில் ஒரு விசித்திரப் பிறவி. அதன் அயனிகள் தனியாக நிற்காமல் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, ஜோடிக்கு +2 என்று இருக்கும். அதனால்தான் பூரத்தின் வாய்பாட்டில் இரண்டு பாதரசம், இரண்டு குளோரின் என்று எழுதுகிறோம், 1:1 என்று சுருக்குவதில்லை.

சல்பேட் என்ற சொல் வந்துவிட்டது. 'ஐடு' போய் 'ஏட்' எங்கிருந்து வந்தது? சில அயனிகள் ஒற்றை அணுவல்ல. பல அணுக்கள் தங்களுக்குள் பிணைந்து, மொத்தமாக ஒரு மின்சுமையைச் சுமந்துகொண்டு திரிகின்றன. சல்பேட்டில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்து −2. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்து −1. கார்பனேட் −2, பாஸ்பேட் −3, ஹைட்ராக்சைடு −1. இந்தக் கூட்டத்தை ஒரே அயனியாக நினைத்துக்கொண்டு, பெயரை அப்படியே உலோகத்துக்குப் பின்னால் வைத்தால் வேலை முடிந்தது. நீர்த்த சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு உண்டு, ஆனால் அதைக் கணக்கு சொல்லிவிடும். பெயர் வாய் திறக்காது.

இந்தக் கூட்டு அயனிகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே தனிமம் ஆக்சிஜனோடு இரண்டு விதமாகச் சேர்ந்தால், ஆக்சிஜன் கூடியதற்கு 'ஏட்', ஒன்று குறைந்ததற்கு 'ஐட்'. சல்பேட்டில் நான்கு ஆக்சிஜன், சல்பைட்டில் மூன்று. நைட்ரேட்டில் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு. குளோரினுக்கு நான்கு வகை உண்டு என்பதால் முன்னாலும் ஒட்டு சேர்க்கிறார்கள். ஓர் ஆக்சிஜன் இருந்தால் ஹைப்போகுளோரைட், இரண்டுக்குக் குளோரைட், மூன்றுக்குக் குளோரேட், நான்குக்குப் பெர்குளோரேட். குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது கால்சியம் ஹைப்போகுளோரைட். தீக்குச்சி மருந்தில் ஆக்சிஜன் தருவது பொட்டாசியம் குளோரேட்.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு தொல்லை இருக்கிறது. சல்பைடு என்பது வெறும் கந்தக அயனி, சல்பைட் என்பது ஆக்சிஜன் சேர்ந்தது. கடைசி எழுத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். நைட்ரைடு, நைட்ரைட் இரண்டும் அப்படியே. வேகமாகப் படித்தால் கண் தவறவிடும். சந்தேகம் வந்தால் வாய்பாட்டைப் பாருங்கள். இந்த ஜோடிகளில் ஆக்சிஜன் இருந்தால் 'ட்', இல்லாவிட்டால் 'டு'.

ஐடுக்கும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் மட்டும் இல்லை. அயோடின் கலந்த உப்பு என்று கடையில் வாங்குகிறோமே, அதில் இந்தியாவில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். பொட்டாசியம் அயோடைடு அல்ல. அயோடைடு ஈரத்திலும் வெப்பத்திலும் காற்றுப் பட்டுச் சிதைந்து, அயோடின் ஆவியாகப் பறந்துவிடும். அயோடேட் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கும் சாக்கு மூட்டைக்கும் அதுதான் சரிப்படும்.

உலோகம் இருந்தால் அயனிச் சேர்மம் என்று அடையாளம் காண்பது நல்ல வழி, ஆனால் ஒரு விதிவிலக்கு முக்கியம். அம்மோனியம் என்பது ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த +1 அயனி. உலோகத்தின் இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததே, சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், அதில் ஓர் உலோக அணுகூடக் கிடையாது. இருந்தாலும் அது அயனிச் சேர்மம்தான். அதன் அணுக்களை எண்ணி 'டை', 'ட்ரை' என்று பெயர் கட்ட முயன்றால் உருப்படியாக எதுவும் வராது.

இனி இரண்டாவது குடும்பம். இரண்டு அலோகங்கள் சேரும்போது யாரும் எலக்ட்ரானை முழுதாகக் கொடுப்பதில்லை. பகிர்ந்துகொள்கிறார்கள். பகிர்வதற்கு ஒரே வழி என்று இல்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் எத்தனை விதமாகச் சேர்கின்றன பாருங்கள். இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றால் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு. ஒன்றுக்கு ஒன்று என்றால் நம் உடம்பிலேயே சுரந்து இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் வாயு. ஒன்றுக்கு இரண்டு என்றால் வாகனப் புகையால் நகரக் காற்றில் சேரும் பழுப்பு நிற நச்சு வாயு. இவை போக இரண்டுக்கு மூன்று, இரண்டுக்கு நான்கு, இரண்டுக்கு ஐந்து என்றும் உண்டு. எல்லாவற்றையும் நைட்ரஜன் ஆக்சைடு என்று அழைத்தால் என்ன ஆகும்? மின்சுமையை வைத்து விகிதத்தைக் கண்டுபிடிக்க இங்கே வழியில்லை. எனவே பெயரே எண்ணிச் சொல்ல வேண்டும்.

எண்ணுவதற்குக் கிரேக்க, லத்தீன் எண் ஒட்டுகள் இருக்கின்றன: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெக்கா. முதல் தனிமத்தின் பெயர் அப்படியே வரும், இரண்டாவதற்கு 'ஐடு' சேரும், இரண்டுக்கும் எண்ணிக்கை முன்னால் வரும். சிரிப்பூட்டும் வாயு டைநைட்ரஜன் மோனாக்சைடு. பழுப்பு வாயு நைட்ரஜன் டை ஆக்சைடு. முதல் தனிமம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு 'மோனோ' போடுவதில்லை, அதனால்தான் 'மோனோகார்பன்' என்று யாரும் சொல்வதில்லை. ஆக்சைடுக்கு முன்னால் வரும்போது மோனோவின் கடைசி ஓவும் டெட்ரா, பென்டாவின் கடைசி ஆவும் உதிர்ந்துவிடும்: மோனாக்சைடு, டெட்ராக்சைடு, பென்டாக்சைடு. வாய்க்கு வசதி, வேறு காரணம் இல்லை.

இந்த 'மோனோ'வும் 'டை'யும் வெறும் சடங்கு என்று நினைத்தால், கார்பனைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே விடுவது. மூடிய அறையில் கரி அடுப்பு எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும்.

இரண்டு குடும்பங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பிஎஸ்எல்வி ராக்கெட் இருக்கிறது. அதன் முதல் கட்டத்தில் திட எரிபொருள். அதில் ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்குளோரேட். அயனிச் சேர்மம், +1க்கு −1, எண்ண வேண்டியதே இல்லை. இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதித்துப் பார்க்கப்படுவது. அதில் ஆக்சிஜன் தருவது டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. மூலக்கூறுச் சேர்மம். இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என்று பெயரே எண்ணிவிடுகிறது. விகிதத்தைச் சுருக்கி ஒன்றுக்கு இரண்டு என்று எழுதினால் அது வேறு பொருளாகிவிடும், மேலே சொன்ன பழுப்பு வாயு. அயனிச் சேர்மத்தில் விகிதத்தைச் சுருக்கினோம். மூலக்கூறில் சுருக்கக் கூடாது, ஏனென்றால் இங்கே தனித்தனி மூலக்கூறு உண்மையிலேயே இருக்கிறது.

சில பொருள்கள் விதிக்கு முன்பே பெயர் வாங்கிவிட்டன. தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீரை டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்று சொல்வது கிண்டலுக்குத்தான் உதவும். 1997இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் அந்தப் பெயரில் தண்ணீரின் 'ஆபத்துகளை' விவரித்து, தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டார். 43 பேர் தடை செய்யலாம் என்றார்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தும் 'டை' சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். ஹைட்ரஜன் +1, சல்பைடு −2 என்று கணக்கே சொல்லிவிடுவதால்.

நீர் சேர்ந்த உப்புகளில் இந்த எண் ஒட்டுகள் மறுபடி வரும். மயில்துத்தம் என்பது தாமிரம்(2) சல்பேட் பென்டாஹைட்ரேட். ஒரு தாமிர சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள். சூடாக்கினால் நீர் போய் நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்ப நீலமாகும். அயனிச் சேர்மத்தில் எண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே ஏன் 'பென்டா'? நீருக்கு மின்சுமை கிடையாது. எத்தனை நீர் என்று கணக்குப் போட வழியில்லை, அதனால் பெயர் சொல்கிறது. ஜிப்சத்தில் கால்சியம் சல்பேட்டோடு இரண்டு நீர். அதைப் பதமாகச் சூடாக்கினால் கிடைக்கும் பாரிஸ் சாந்தில் அரை நீர்.

கடைப் புழக்கத்தில் விதியை மீறும் பெயர்களும் கண்ணில் படும். டார்ச் பேட்டரியில் இருப்பதை எல்லோரும் மாங்கனீசு டை ஆக்சைடு என்கிறார்கள், வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதை டைட்டானியம் டை ஆக்சைடு என்கிறார்கள். பாடவிதிப்படி மாங்கனீசு(4) ஆக்சைடு, டைட்டானியம்(4) ஆக்சைடு. எண்ணிச் சொல்வதால் தகவல் எதுவும் கெடவில்லை, ஐயூபேக்கும் அதைத் தடுப்பதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் ஆசிரியர் எதிர்பார்க்கும் முறையில் எழுதிவிடுங்கள்.

கொஞ்சம் பழகிப் பார்க்கலாம். மூன்று மக்னீசியம், இரண்டு நைட்ரஜன்: மக்னீசியம் நைட்ரைடு, எண்ணத் தேவையில்லை. ஒரு கந்தகம், ஆறு ஃபுளோரின்: இரண்டும் அலோகம், எனவே சல்பர் ஹெக்சாஃபுளோரைடு. துணை மின்நிலையங்களில் மின்கசிவைத் தடுக்க அடைத்துவைக்கும் வாயு இது. கார் பேட்டரித் தகட்டில் ஓர் ஈயம், இரண்டு ஆக்சிஜன்: ஆக்சிஜன் மொத்தம் −4, ஈயம் இரண்டு விதமாக மின்சுமை ஏற்கும் உலோகம், எனவே ஈயம்(4) ஆக்சைடு. திருப்பியும் செய்து பாருங்கள். கால்சியம் பாஸ்பேட் என்றால்? +2க்கும் −3க்கும் சமன் செய்ய மூன்று கால்சியம், இரண்டு பாஸ்பேட்.

கடைசியாகக் கொஞ்சம் வில்லங்கமான ஒன்று: பொட்டாசியம் டைகுரோமேட். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கப் பழைய மூச்சுச் சோதனைக் கருவிகளில் இருந்த ஆரஞ்சு நிற உப்பு, ஆல்கஹால் பட்டால் பச்சையாகும். பொட்டாசியம் உலோகம், ஆகவே அயனிச் சேர்மம். அப்படியானால் 'டை' எப்படி வந்தது? சேர்மத்தில் எத்தனை அயனிகள் என்று அது சொல்லவில்லை. இரண்டு குரோமியமும் ஏழு ஆக்சிஜனும் சேர்ந்த −2 அயனி ஒன்று இருக்கிறது, அதன் சொந்தப் பெயரே டைகுரோமேட். பொட்டாசியமும் இந்தச் சேர்மத்தில் இரண்டுதான். ஆனால் +1 என்று நமக்கே தெரியும் என்பதால் பெயர் அதைப் பற்றிப் பேசவில்லை.